மரகதம் எழுதாத நடுவர் குறிப்பு

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். கொடியில் போட்ட வெள்ளைப் புடைவையில் சாம்பல் தூசி. மறுபடி அலசல். உமாவுக்கு முதல் ஷிப்ட். ஆறு மணிக்கு முன்பே போய்விட்டாள். மகள் அனல்மின் நிலையத்தில் பொறியாளராக இருக்கும்வரை இந்த குவார்ட்டர்ஸில் எனக்கும் ஓர் அறை உண்டு. அதற்குப் பிறகு? அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

செய்ய வேண்டியவை: கண் சொட்டு மருந்து வாங்குவது. கேஸ் புக் செய்வது. கீரைக்காரி முருங்கைக்கீரையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்வது (நேற்றும் சொல்ல நினைத்து வாங்கிவிட்டேன்). இதழுக்கு வந்த நடுவர் குறிப்புகளைப் படித்து முடிப்பது.

இந்த இதழோடு நான் ஓய்வு. 20ஆம் தேதிக் கூட்டத்தில் ஆசிரியர் பொறுப்பை மரகதத்திடம் கொடுக்கிறேன். அதன் பிறகு கண்புரை அறுவை. உமா மருத்துவமனையில் நாள் வாங்கி வைத்திருக்கிறாள். கல்லூரியில் நான் தாவரவியல், மரகதம் மண் வேதியியல். இருவரும் சேர்ந்து தொடங்கிய ஆய்விதழ். ஆண்டுக்கு இரண்டு. படிப்பவர்கள் குறைவு, எழுதுபவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் நாங்கள் அச்சிட்டது பொய் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

குழுவில் புதிதாகச் சேர்ந்த சிதம்பரம் பேராசிரியருக்கு நடைமுறையைத் தொலைபேசியில் மூன்றாம் முறையாக விளக்கினேன். கட்டுரையிலிருந்து எழுதியவர் பெயரை நீக்கி, துறை அறிந்த நடுவருக்கு அனுப்புவோம். ஏற்கலாம், கூடாது என்பதை அவர் காரணத்துடன் எழுதுவார். கூடாது என்றால் மட்டும் எங்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு: நடுவர் தம் காரணங்களை ஆசிரியரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். வாயால் சொல்லக் கூசுவதை எழுத்தில் சொல்லக்கூடாது. "நல்ல வழக்கம் மேடம், ஆனா கொஞ்சம் பழசு" என்றார். நானும் பழசுதான் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மாலை மரகதத்தின் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் தானாக முளைக்கும் கொழிஞ்சிச் செடியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை. நிராகரிக்கச் சொல்கிறாள். இரண்டு பக்கம். கண் கூசியது. நாளை.

ஜூலை 9, புதன்

மரகதத்தின் குறிப்பை மூன்று முறை படித்துவிட்டேன்.

"நிலத்தடிச் சுரங்கப் பாதைகளிலிருந்து வெளியேறும் காற்று, மேட்டிலுள்ள செடிகளின் வேர்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் கட்டுரையாளர் அளக்கவில்லை. இது அடிப்படையான குறைபாடு."

நிலத்தடிப் பாதை! நெய்வேலியில்! இங்கே சுரங்கம் என்பது மேலே வானத்தைத் தவிர வேறு கூரை இல்லாத பள்ளம். சுற்றுலா வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வேலிக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மரகதத்தின் கணவர் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பள்ளத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர். மூன்று ஷிப்டுக்கும் டிபன் கட்டிக் கொடுத்தவள் இவள். அவள் கைக்கு இந்த வரி வராது. கனவிலும் வராது.

இன்னொன்று. ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த மட்டும் ஏஐ மென்பொருளைப் பயன்படுத்தியதாகவும், அளவீடுகளும் முடிவுகளும் தம்முடையவை என்றும் கட்டுரையாளர் கடைசியில் நேர்மையாக எழுதியிருக்கிறார். எங்கள் விதி கேட்பது அதைத்தான். அந்த ஒப்புதலே "கட்டுரையின் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது" என்கிறது குறிப்பு.

உமா வந்ததும் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

"அம்மா, இது ஆன்ட்டி எழுதினது இல்ல. ஏஐ."

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

"யாரும்மா மூணு பாராட்டு, மூணு குறை, கடைசியில ஒரு வாழ்த்துன்னு எழுதுவாங்க? நீங்களா இருந்தா முதல் வரியிலேயே ஆளைக் கடிச்சிருப்பீங்க. ஆன்ட்டி உங்களுக்கும் மேல."

"உன் ஷிப்ட் ரிப்போர்ட்டை நீயும் அதில்தானே எழுதுகிறாய்?"

"எழுதறேன். ரீடிங் எல்லாம் நான் நின்னு பாத்தது. வாக்கியத்தை மட்டும் அது சரி பண்ணும். இன்னதுக்கு யூஸ் பண்ணேன்னு கீழ போட்டுடுவேன். அடுத்தவங்க பேப்பரைத் தூக்கி அதுக்குள்ள போட்டு, பாஸா ஃபெயிலான்னு கேக்க மாட்டேன்."

வத்தக்குழம்பில் உப்பு குறைவாம். அதையும் சொன்னாள்.

சற்று நேரத்தில் கட்டுரையாளரின் அழைப்பு. இஸ்மாயில். விருத்தாசலம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டியும் நிரந்தர வேலை கிடைக்காதவர். "மேடம், தொந்தரவுன்னு நெனைக்காதீங்க. இந்த மாசக் கடைசியில இன்டர்வியூங்க. பேப்பர் ஏத்துக்கிட்டோம்னு ஒரு மெயில் இருந்தா எனக்கு அது போதும்ங்க." முடிவாகவில்லை என்றேன். உண்மைதான். ஆனால் சொல்லும்போது பொய் போல இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

வெயில் குறையவில்லை. மேற்குக் காற்று இருந்தும் பயனில்லை.

நம் விதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குழுவில் விவாதித்து மரகதம் தன் கையால் எழுதியது. நடுவர் தமக்கு வந்த கட்டுரையை எந்த ஏஐ மென்பொருளிலும் இடக்கூடாது. அச்சேறாத கட்டுரை அதை எழுதியவரின் சொத்து. அதை இன்னொரு வாயில் போட நமக்கு உரிமையில்லை. தீர்ப்பு நடுவருடையதாக இருக்க வேண்டும். மீறினால் இதழில் பெயருடன் அறிவிப்பு.

பெயர் தேவையில்லை என்று அன்று வாதாடியவள் நான். "பேரு போட்டாதான்டி பயம் வரும். இல்லன்னா அவனவன் தொடச்சிகினு பூடுவான்" என்றவள் மரகதம்.

வழக்கப்படி ம. அழைத்தாள். நிராகரிப்பை வாயால் சொல்ல வேண்டுமே.

"கேளு, படிக்கிறேன்" என்றாள். சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

படித்தாள். ஒரே சீரான குரல், ஆகாசவாணிச் செய்தி போல. நிலத்தடிச் சுரங்கப் பாதைகள் வந்தன. குரல் தடுமாறவில்லை, கடந்து போனாள். பின்னால், ஓய்வு பெற்றுப் பல வருடமான அவள் கணவரின் குரல்: "பஸ் வந்துடுச்சா? மணியாவுது பாரு, செகண்ட் ஷிப்ட்டு!" "வரும், உக்காருங்க" என்று அவருக்குச் சொல்லிவிட்டு அடுத்த வரியை வாசித்தாள்.

"கட்டுரையைப் படித்தாயா, மரகதம்?"

"இன்னா கேள்வி இது? ரெண்டு நாளு குந்திகினு படிச்சேன். கண்ணே பூத்துப் போச்சு."

"சுரங்கப் பாதை என்றாயே, அது எங்கே இருக்கிறது?"

மறுபடி அவரை உட்காரச் சொன்னாள். பிறகு, "நாளைக்கு வூட்டுக்கு வா. மீன் வாங்கறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் இயந்திரத்தின்மீது இல்லை. அதற்கு என்ன தெரியும்? சுரங்கம் என்றால் உலகத்தில் எங்கோ பார்த்த ஒரு சுரங்கத்தைச் சொல்லிவிட்டது. ரெண்டு நாளு குந்திகினு படித்ததாக அது சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

மந்தாரக்குப்பம் போய்வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் காலடியில் பலாப்பழம்; வழி முழுக்க அதன் வாசனை.

ம. வீட்டு வாசலில் உள்பக்கம் பூட்டு. திறந்து என்னை உள்ளே விட்டுவிட்டு மறுபடி பூட்டினாள். "தொறந்து கெடந்தா பஸ் ஸ்டாப்புக்குப் பூடறாரு." அவர் நாற்காலியில் சட்டை மாட்டி, ஷூ போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. "நைட் ஷிப்டா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மீன் குழம்பு. நன்றாகவே இருந்தது. பேச்சு சாப்பிட்ட பிறகு.

"ஆமாடி. அதுலதான் போட்டேன். பேரன் போன்ல வெச்சிக் குடுத்தான். பேப்பரை உள்ள தள்ளு, ரிவ்யூ எழுதுன்னு சொல்லு, எழுதிடும்னான். எழுதிடுச்சி."

"எத்தனை கட்டுரை?"

"போன வருஷத்துலேர்ந்து எனக்கு வந்தது எல்லாம்."

"முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"எழுதியிருந்தா? நீ பாவம்னு சொல்லிட்டு வேற ஆளைப் போட்டிருப்ப. அப்புறம் எனக்கின்னு இன்னா கீது? இவரு ஷூவ மாட்டறதும் கழட்டறதும். கேஸைத் தொறந்து வுட்டுட்டு நிக்கறாரு. தபால்ல உன் இதழ் வர்ற அன்னிக்குத்தான் நான் டீச்சரு. மத்த நாளு ஆயா."

சட்டென்று மறுக்கக்கூடிய பேச்சு இல்லை. ஆனால் மறுக்க வேண்டிய பேச்சு.

"அந்த ஆளுக்கு இந்த மாதம் இன்டர்வியூ. உன் குறிப்பை அப்படியே அனுப்பியிருந்தால் அவர் கதி என்ன? பல வருஷம் மேட்டில் ஏறி இறங்கி அளந்திருக்கிறார்."

"நீ அனுப்ப மாட்டேன்னு தெரியும். நீ எல்லாத்தையும் படிப்ப."

என் ஒழுங்கை நம்பி அவள் ஒழுங்கு தவறியிருக்கிறாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

எழுந்திருக்கும்போது கண்ணில் பட்டது. டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் என் அச்சேறாத பிரதி. மண்மேட்டுச் செடிகளைப் பற்றிய என் நூல். பணியில் இருந்த காலம் முழுவதும் சேர்த்த குறிப்புகள்; ஓய்வுக்குப் பிறகு எழுதி முடித்தது. மார்ச்சில் அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். தாளில் எடுத்த பிரதியும் கணினிக் கோப்பும். நான் பச்சை நாடாவால் கட்டிய கட்டு. அதே முடிச்சு. அவிழவேயில்லை.

ஏப்ரலில் அவளிடமிருந்து அதைப் பற்றி நீண்ட மின்னஞ்சல் வந்தது. "தங்கள் எழுத்தில் மண்ணின் மூச்சு கேட்கிறது" என்று இருந்தது. வாழ்நாளில் என்னைத் தங்கள் என்று அவள் அழைத்ததில்லை. எழுத்து என்பதால் மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாராட்டும் அவள் வழக்கமில்லை. வயதாகிறது, கனிந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நான்! தாவரவியல் முதுகலை, நாற்பது வகுப்புகளின் விடைத்தாள் திருத்தியவள், காப்பி அடித்தவனை வாசனையிலேயே பிடித்தவள்.

"இதுவுமா?" என்றேன்.

அவள் பார்வை அலமாரிக்குப் போய்த் திரும்பியது. "அது ரொம்பப் பெருசுடி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவர் எழுந்து நின்று, "பஸ் வந்துடுச்சு" என்றார். பூட்டைத் திறந்து என்னை வெளியே விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. உமா ஆப்பம் ஊற்றினாள்.

அந்த ஏப்ரல் மின்னஞ்சலை அச்செடுத்துப் பீரோவில் வைத்திருந்தேன். கிழிக்கவில்லை. பீரோவிலிருந்து எடுத்து, உமா பால் கணக்கு எழுதும் பழைய தாள்களோடு போட்டேன். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

இஸ்மாயிலை வரச் சொன்னேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.

நடந்ததைச் சொன்னேன். நடுவர் பெயரைச் சொல்லவில்லை, கூட்டம் முடியட்டும். தவறு இதழுடையது. அந்தக் குறிப்பு செல்லாது. புதிதாக இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்: சிதம்பரத்தில் ஒருவர், திருச்சியில் ஒருவர். இன்டர்வியூவுக்கு முன் முடிவு வர முயல்கிறேன். வராவிட்டால் தாமதம் எங்கள் பிழை என்று கையெழுத்திட்டுக் கடிதம் தருகிறேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்ப என் டேட்டா இப்ப யாருகிட்டங்க இருக்கு?"

தெரியாது என்றேன்.

"திரும்ப வாங்க முடியுங்களா?"

அதுவும் தெரியாது. உமாவைக் கேட்டிருந்தேன். அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அழித்தார்களா என்று நாம் பார்க்க முடியாது என்றாள். அதைச் சொன்னேன்.

"ஆறு வருஷம்ங்க மேடம். மழையில மேடு சரிஞ்சு, நட்ட குச்சி எல்லாம் போயி, திரும்ப முதல்லேர்ந்து. இங்கிலீஷ் சரி பண்ணக்கூட, டேபிள் எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் பாராவாத்தாங்க போட்டேன். பயந்து பயந்து." சிரித்தார். "நான் பயந்தது சரிதான் போலிருக்கு."

வாசல் வரை போனேன். முதியவள் என்பதால் என்மீது கோபப்பட அவருக்கு மனமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூலை 17, வியாழன்

மாலையில் இடி, சிறு தூறல். சாம்பல் படிந்த வேப்ப இலைகள் கழுவி விட்டாற்போல.

அறிவிப்பின் வரைவு எழுதினேன். எட்டு வரிகள். கட்டுரைகளைத் தாமே வாசிக்காமல், அவற்றை ஏஐ மென்பொருளில் இட்டு நடுவர் குறிப்புகளைப் பெற்றதாக எங்கள் நடுவர் ஒப்புக்கொண்டார்; சென்ற ஆண்டிலிருந்து அவர் அளித்த குறிப்புகள் யாவும் மறுபரிசீலிக்கப்படும்; பாதிக்கப்பட்ட கட்டுரையாளர்களிடம் வருந்துகிறோம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

உமா: "குடும்பத்துல இப்படி ஒரு கஷ்டம்னு ஒரு வரி சேருங்களேன்."

"அது அவளுடைய கஷ்டம். அதை அச்சில் போட எனக்கு என்ன உரிமை?"

"அப்ப பேரை மட்டும் போட உரிமை இருக்கா?"

"பெயர் விதியில் இருக்கிறது. அவள் எழுதிய விதி."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எதில் என்று கேட்கவில்லை.

என் நூலைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அது இதழின் விஷயம் அன்று.

பெயரை எழுதினேன். முழுப் பெயர், பட்டங்களுடன்.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம் நூலகத்துப் பக்க அறையில். ஐந்து பேரில் நால்வர். ம. வரவில்லை, ராஜிநாமாவை ஒரு வரியில் அனுப்பியிருந்தாள். வாழைக்காய் பஜ்ஜி மட்டும் ஐந்து பேருக்கு வந்தது.

வரைவை வாசித்தேன். கணக்குப் பார்க்கும் கோவிந்தராஜன்: "இத்தனை வருஷப் பழக்கம், பேரை மட்டும் வுட்டுடலாமே மேடம்." சிதம்பரம் பேராசிரியர் அவரை மறுத்தார்: "பெரியவங்கன்னா விட்டுடுவோம், சின்னவங்கன்னா போடுவோம்னா அப்புறம் விதி எதுக்குங்க?" எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் சரியாகச் சொன்னார். இரண்டுக்கு இரண்டு. ஆசிரியர் என்ற முறையில் என் வாக்கு இரண்டாம் முறை எண்ணப்பட்டது. பெயர் நின்றது.

பொறுப்பை யார் ஏற்பது? எல்லோரும் பஜ்ஜியைப் பார்த்தார்கள். இன்னும் ஓராண்டு நானே. கண் அறுவை தள்ளிப் போகிறது. உமாவிடம் சொன்னேன், பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

இஸ்மாயிலின் கட்டுரைக்கு முதல் குறிப்பு வந்துவிட்டது: சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம். இரண்டாவது வரவேண்டும்.

ஜூலை 21, திங்கள்

காலை பத்து மணிக்கு ம. அழைத்தாள். எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். மூன்றாம் முறை எடுத்தேன்.

"பேரு போட்டுட்டியா?"

"போட்டேன்."

"சரி. எதையாவுது வெச்சிகினு எழுதிக்க."

என்ன என்று விளங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "உன் பொஸ்தகத்துல மண்ணோட அமிலக்கார அளவு வருஷா வருஷம் குடுத்துக்கிற. எத்தினி அடி ஆழத்துல எடுத்த? மேல் மண்ணா, அடி மண்ணா? ஒரு எடத்துலயும் சொல்லல. நீ எடுக்கற எடம் மாறினா கணக்கே மாறிப் பூடும். மொத அத்தியாயம் பூரா நீயே நின்னுகினு கீற, செடியக் காணோம். வெட்டு. கடைசி ரெண்டு அத்தியாயம் சுமாரு. கொழிஞ்சி பத்தி நீ சொல்றத அந்த இன்டர்வியூ ஆளு உன்னவிட நல்லா சொல்லிக்கிறான், அவனைப் படி."

"அவர் கட்டுரையையும் படித்தாயா?"

"படிச்சேன். ரெண்டையும். இவரைப் பக்கத்துல குந்த வெச்சிகினு, ராத்திரி பகலா."

ஆழம் விஷயம் சரி. முதல் அத்தியாயமும் சரி. இது அவள் குரல்தான். தொண்டையில் முள் வைத்துப் பேசும் குரல்.

"இதை மார்ச்சில் சொல்லியிருக்கலாம்."

"மார்ச்சுல படிக்கலியே."

"இப்போது எதற்குப் படித்தாய்?"

"பேரு போயிடுச்சி. இனிமே யாருக்கு நடிக்கணும்?"

பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் மறுக்கச் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் கூப்பிடுகிறார் என்று போனை வைத்துவிட்டாள். நன்றி சொல்லவில்லை நான். சொல்லும் எண்ணமும் இல்லை.

பிற்பகல் அச்சகத்துப் பையன் போன். "அறிவிப்புப் பக்கம் ரெடிங்க மேடம். ஏதாச்சும் மாத்தணுங்களா?"

இல்லை, அடிக்கலாம் என்றேன்.